இண்டெக்ஸ் ஃபண்ட்: ஏழு வருஷம் தொடத் தேவையில்லாத பணத்துக்கு

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் விளை (தோட்டம்) வைத்திருப்பவர்களுக்கு விலை விழுவது என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். 2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாய் வரை போன ரப்பர் ஷீட், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. இப்படி ஒரு காலத்தில், கையில் வேறு வருமானம் உள்ளவர் பால்வெட்டை நிறுத்திவிட்டு மரத்தை அப்படியே விட்டுவைக்கலாம். மகள் கல்யாணமோ வங்கித் தவணையோ வாசலில் நிற்கிறவருக்கு அந்த வசதி இல்லை. வந்த விலைக்கு விளையைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

இதில் இரண்டு ஆபத்துகள் கலந்து கிடக்கின்றன. சொத்து முழுவதும் ஒரே பொருளில் மாட்டிக்கொண்டது ஒன்று. விலை விழுந்த நேரம் பார்த்து விற்றே தீர வேண்டி வந்தது இன்னொன்று. பல பெரிய கம்பெனிகளின் பங்குகளை ஒன்றாக வாங்கிவைக்கும் இண்டெக்ஸ் ஃபண்ட் முதல் ஆபத்தைப் பெருமளவு குறைக்கும். இரண்டாவதை அது தொடவே தொடாது. பணம் போடுகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். விளம்பரங்களில் முதல் பாதி மட்டும் வருவதால், இங்கே இரண்டாம் பாதிக்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறது.

இண்டெக்ஸ் என்பது ஒரு பட்டியல்

தேசியப் பங்குச் சந்தையில் பெரியதும் அதிகம் கைமாறுவதுமான 50 கம்பெனிகளை ஒரு விதிப்படி பட்டியல் போட்டு, அவற்றின் மொத்த மதிப்பு ஏறி இறங்குவதை ஒரே எண்ணாகச் சொல்வதுதான் நிஃப்டி 50. 1995 நவம்பர் 3-ஆம் தேதியை அடிப்படையாக வைத்து, அன்றைய மதிப்பை 1,000 என்று எடுத்துக்கொண்டார்கள். மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸில் 30 கம்பெனிகள். அதன் அடிப்படை 1978-79, அன்றைய எண் 100. செய்தியில் "சென்செக்ஸ் 800 புள்ளி சரிவு" என்று கேட்டால் பதற வேண்டாம். எண் 80,000-ல் இருக்கும்போது 800 புள்ளி என்பது ஒரு சதவீதம். புள்ளியை விட்டுவிட்டுச் சதவீதத்தைப் பார்க்கப் பழகினால் பாதிப் பயம் போய்விடும்.

பட்டியலில் 50 பேர் இருந்தாலும் எல்லாருக்கும் சம பங்கு கிடையாது. பெரிய கம்பெனிக்குப் பெரிய பங்கு, சின்னதுக்குச் சின்னது. பெரியது என்பதை அளப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கம்பெனியின் முழு மதிப்பையும் எடுக்க மாட்டார்கள். பொதுமக்கள் வாங்கி விற்கக்கூடிய பகுதியை மட்டுமே எடுப்பார்கள். குடும்ப விளை பத்து ஏக்கர் இருக்கலாம். அதில் ஆறு ஏக்கரை யாரும் எந்தக் காலத்திலும் விற்கப் போவதில்லை என்றால், சந்தைக்கு அது நான்கு ஏக்கர் விளைதான். அதுபோல, 1,000 கோடி மதிப்புள்ள கம்பெனியில் 60% நிறுவனர் கையில் இருந்தால் கணக்கில் வருவது 400 கோடி. 500 கோடி மதிப்புள்ள இன்னொன்றில் நிறுவனர் கையில் 20% மட்டும் இருந்தால் அதுவும் 400 கோடி. இண்டெக்ஸில் இரண்டுக்கும் ஒரே எடை.

இப்படிக் கணக்கிடும்போது, 2023 ஜூலையில் எச்.டி.எஃப்.சி. வீட்டுக்கடன் நிறுவனத்தோடு இணைந்த பிறகு எச்.டி.எஃப்.சி. வங்கி ஒன்றுக்கே நிஃப்டியில் 10 சதவீதத்துக்கு மேல் எடை வந்தது. வங்கி, நிதித் துறை மொத்தமாக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆகவே 50 கம்பெனி என்றதும் எல்லாத் தொழிலிலும் சமமாகப் பரவிவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. பட்டியலின் கடைசியில் இருக்கும் கம்பெனிக்கு உங்கள் 1,000 ரூபாயிலிருந்து போவது ஐந்து ரூபாய் அளவுதான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் பட்டியலைத் திருத்துவார்கள். நடுவில் ஏதாவது கம்பெனி நாறிப்போனால் காத்திருக்க மாட்டார்கள். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் கணக்கில் மோசடி செய்ததை ஒப்புக்கொண்டார். பங்கு அன்று ஒரே நாளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் சரிந்தது. ஒரு வாரத்துக்குள் சத்யத்தை நிஃப்டியிலிருந்து எடுத்துவிட்டு ரிலையன்ஸ் கேப்பிடலைச் சேர்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த ரிலையன்ஸ் கேப்பிடலும் பின்னாளில் பட்டியலை விட்டு வெளியேறி, 2021-ல் திவால் நடவடிக்கைக்கே போனது. 2020 மார்ச்சில் யெஸ் பேங்க் போய் ஸ்ரீ சிமெண்ட் வந்தது.

இதை வைத்து "இண்டெக்ஸ் மோசமான கம்பெனியைத் தானே களைந்துவிடும்" என்று சிலர் அளந்துவிடுவார்கள். பாதி உண்மைதான். களைவதற்குள் விழ வேண்டியது விழுந்திருக்கும். அந்த நஷ்டம் உங்கள் பணத்திலும் சேரும். ஆனால் விலை விழ விழ அந்தக் கம்பெனியின் எடையும் சுருங்கிக்கொண்டே வரும், ஏறுகிறதின் எடை கூடிக்கொண்டே போகும். சத்யத்தில் மட்டும் பணம் வைத்திருந்தவர் வீட்டில் அடுப்பு அணைந்திருக்கும். நிஃப்டி முழுவதையும் வைத்திருந்தவருக்குச் சத்யத்தால் மட்டும் வந்தது சின்னச் சிராய்ப்பு.

ஃபண்ட் செய்கிற வேலை

இந்த 50 பங்கையும் அதே விகிதத்தில் நீங்களே வாங்கினால் லட்சக்கணக்கில் பணம் வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டிக் கழிக்கவும் வேண்டும். இண்டெக்ஸ் ஃபண்ட் என்ற மியூச்சுவல் ஃபண்ட் எல்லாரிடமும் பணம் சேர்த்து இந்த வேலையைச் செய்துவிடுகிறது. மொத்தத்தை யூனிட்களாகப் பிரித்து உங்களுக்கு உரியதைக் கணக்கில் வைக்கும். ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்புதான் என்.ஏ.வி. எந்தப் பங்கு நல்லது என்று ஆராய ஆள் தேவையில்லாததால் கட்டணம் குறைவு. 1976-ல் அமெரிக்காவில் ஜான் போகிளின் வான்கார்டு நிறுவனம் பொதுமக்களுக்கு இப்படி ஒரு ஃபண்டைத் திறந்தபோது 15 கோடி டாலர் எதிர்பார்த்து, 1 கோடியே 13 லட்சம்தான் சேர்ந்தது. சராசரிக்கு ஆசைப்படுகிறவன் எவன் என்று சிரித்தார்கள். பெரிய கம்பெனிகளில் முதலீடு செய்யும் ஃபண்டுகளை நீண்ட காலத்துக்கு அளந்து பார்த்தால், பெரும்பான்மை அந்தச் சராசரிக்குக் கீழேதான் நிற்கிறது. காரணம் எளிது. எல்லா முதலீட்டாளரையும் சேர்த்தால் வருவது சந்தையின் லாபமே; அதில் அவரவர் கட்டணத்தைக் கழித்தால் சராசரி ஆள் பின்தங்கியே ஆக வேண்டும்.

கட்டணம் ஒரு சதவீதம்தானே என்று விடக் கூடாது. மாதம் 5,000 ரூபாய், 20 வருஷம், சந்தை ஆண்டுக்கு 12% தருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். போட்ட பணம் 12 லட்சம். கட்டணம் 0.2% என்றால் முடிவில் சுமார் 48 லட்சம். கட்டணம் 1% என்றால் சுமார் 43 லட்சம். பங்கு ஒன்றே, பட்டியல் ஒன்றே, வித்தியாசம் ஏறத்தாழ 5 லட்சம்.

அந்த 12 சதவீதத்தை யாரும் உங்களுக்கு உறுதி சொல்ல முடியாது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி மியூச்சுவல் ஃபண்டில் அப்படி லாப உறுதி சொல்லவும் கூடாது. 1995-ல் 1,000 ஆக இருந்த நிஃப்டி 2024 செப்டம்பரில் 26,000-ஐத் தாண்டியது. ஆண்டுக்குச் சுமார் 12%. ஆனால் அது உச்சியில் ஏறி நின்று அளந்த அளவு. அதே கணக்கை 2020 மார்ச் 23 அன்று, நிஃப்டி 7,610-ல் கிடந்தபோது போட்டிருந்தால் சுமார் 8.7% தான் வந்திருக்கும். இரண்டிலும் டிவிடெண்ட் (கம்பெனிகள் பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் லாபம்) சேரவில்லை. அது ஆண்டுக்கு ஒன்று, ஒன்றரை சதவீதம் கூடுதலாக வரும். யாராவது ஒரு எண்ணைச் சொல்லி ஆசை காட்டினால், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று கேளுங்கள்.

விழும்போது எவ்வளவு விழும்

நிஃப்டி 2008 ஜனவரியில் 6,287-ல் இருந்தது. அதே வருஷம் அக்டோபர் 27-ல் 2,524. ஒரு லட்சம் போட்டிருந்தவருக்குச் சுமார் 40,000 மிஞ்சியது. அங்கிருந்து பழைய இடத்துக்கு வர 150% ஏற வேண்டும். 60% விழுந்ததற்கு 60% ஏறினால் போதாது. 2010 நவம்பரில் ஒருமுறை பழைய உச்சத்தை எட்டிப் பார்த்தது, மறுபடியும் சறுக்கியது, 2013 கடைசியில்தான் மீண்டும் தாண்டியது. உச்சத்தில் மொத்தமாகப் போட்டவர் ஏறத்தாழ ஆறு வருஷம் காத்திருந்தார். 2020 கொரோனா நேரத்தில் இரண்டே மாதத்தில் 38% விழுந்தது. மார்ச் 23 அன்று மட்டும் 13%. அந்த முறை அதே வருஷம் நவம்பருக்குள் மீண்டுவிட்டது. எந்த முறை ஆறு வருஷம், எந்த முறை பத்து மாதம் என்பது முன்கூட்டி யாருக்கும் தெரியாது.

ரப்பர் கன்று நட்டால் பால் எடுக்க ஏழு வருஷம் ஆகும். நம் ஊரில் அதை யாரும் தாமதம் என்று சொல்வதில்லை. இண்டெக்ஸ் ஃபண்டுக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்ளலாம். ஏழு வருஷத்துக்குள் தேவைப்படும் என்று தெரிந்த பணம் இங்கே வரக் கூடாது. மூன்று வருஷத்தில் கல்யாணம், அடுத்த வருஷம் கல்லூரிக் கட்டணம், வீட்டுக்கு அஸ்திவாரம் போட வைத்திருப்பது எல்லாம் வங்கி வைப்பிலும் அஞ்சலக ஆர்.டி.யிலும் இருக்கட்டும். வட்டி குறைவுதான், வேண்டிய அன்று முழுசாகக் கையில் இருக்கும்.

அப்படியும் அவசரம் வரும். அதனால் ஃபண்டுக்கு முன்னால் மூன்று காரியங்களை முடித்துவிட வேண்டும். முதலில் கைக்காசு. மாதச் சம்பளக்காரருக்கு ஆறு மாதச் செலவு வங்கியில் இருந்தால் போதும். கடலையும் விளையையும் நம்பியிருப்பவருக்கு அது பத்தாது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு தடை. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இந்த 61 நாளோடு, புயல் சின்னம் என்று கரையில் கட்டிப்போடும் நாள்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். ரப்பரில் இரண்டு பருவமழையும் இலையுதிர்வும் வெட்டைக் கெடுக்கும். இந்த வீடுகளில் ஒன்பது மாதச் செலவுக்குக் கையிருப்பு இருந்தால்தான் நெஞ்சு அடங்கும்.

அடுத்தது காப்பீடு: ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒன்று, சம்பாதிக்கிறவருக்கு டேர்ம் பாலிசி (அவர் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது) ஒன்று. முதலீட்டையும் காப்பீட்டையும் கலந்த பாலிசி வேண்டாம்.

மூன்றாவது கடன். கந்துவட்டியோ, கிரெடிட் கார்டு பாக்கியோ, திருப்ப முடியாமல் புதுப்பித்துக்கொண்டே போகும் நகைக்கடனோ இருந்தால், இண்டெக்ஸ் ஃபண்டைப் பற்றிப் படிப்பதோடு நிறுத்திக்கொண்டு முதலில் அதை அடைத்துவிடுங்கள். அடகில் இருக்கிற பத்து பவனை மீட்பது எந்த ஃபண்டும் உறுதியாகத் தர முடியாத லாபம்.

பெயரில் தொடங்கும் சிக்கல்

கணக்குத் தொடங்குவது பத்து நிமிஷ வேலை என்பார்கள். பேன், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒன்றாக இருந்தால் அது உண்மை. நம் ஊரில் பெயர் ஒன்றாக இருப்பதுதான் அபூர்வம். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பேனில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் நிற்கும், பாஸ்புக்கில் கல்யாணத்துக்கு முந்தைய பெயர் கிடக்கும். கே.ஒய்.சி. என்ற அடையாளச் சரிபார்ப்பு நின்றுபோவதற்கு முக்கியக் காரணம் இதுதான். அதனால் முதலில் மூன்றையும் மேஜையில் பரப்பி எழுத்து எழுத்தாக ஒத்துப்பாருங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். எது தப்போ அதைத் திருத்தி, பேனும் ஆதாரும் இணைந்திருப்பதை வருமான வரி இணையதளத்தில் உறுதிசெய்துவிட்டுத் தொடங்கினால் பிறகு அலைச்சல் இல்லை. வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். மகன் கணக்கிலிருந்து அப்பா பெயரில் போட முடியாது.

கணக்கை ஃபண்ட் நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலேயே தொடங்கலாம். தரகு வாங்காத செயலிகளும் இருக்கின்றன. எதில் போட்டாலும் திட்டத்தின் பெயரை முழுசாகப் படிக்க வேண்டும். அதில் மூன்று சொற்கள் முக்கியம். "நிஃப்டி 50 இண்டெக்ஸ்" என்று இருக்க வேண்டும். "டைரக்ட்" என்று இருக்க வேண்டும். "குரோத்" என்று இருக்க வேண்டும்.

டைரக்ட் என்றால் நடுவில் ஏஜென்ட் தரகு இல்லை. 2013 ஜனவரி 1 முதல் எல்லா ஃபண்டிலும் இந்த வசதி உண்டு. "ரெகுலர்" என்று போட்டிருந்தால் ஒவ்வொரு வருஷமும் உங்கள் பணத்திலிருந்து தரகு போய்க்கொண்டே இருக்கும். வங்கிக் கவுண்டரில் படிவத்தை நீட்டினால் அது அநேகமாக ரெகுலர்தான். ஆலோசனைக்குக் கட்டணம் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் இண்டெக்ஸ் ஃபண்டில் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லாதபோது எதற்கான ஆலோசனை என்பது யோசிக்க வேண்டிய விஷயம். குரோத் என்றால் லாபம் உள்ளேயே தங்கி வளரும். ஐ.டி.சி.டபிள்யூ. என்று இருந்தால் அவ்வப்போது பணமாக வெளியே வரும்; அது உங்கள் யூனிட் மதிப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பதே, வரியும் உண்டு.

எந்த நிறுவனத்தின் நிஃப்டி ஃபண்ட் என்பதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு எண்ணைப் பார்த்தால் போதும். ஒன்று செலவு விகிதம், டைரக்டில் 0.1 முதல் 0.3% வரை கிடைக்கும். இன்னொன்று டிராக்கிங் டிஃபரன்ஸ். டிவிடெண்ட் சேர்த்த நிஃப்டி 12% தந்த வருஷத்தில் ஃபண்ட் 11.7% தந்தால் வித்தியாசம் 0.3. செலவு போக, ஃபண்ட் சும்மா வைத்திருக்கும் ரொக்கமும் பட்டியல் மாறும்போது வாங்கி விற்கும் செலவும் இதில் சேரும். சிறியதாகவும் வருஷா வருஷம் ஒரே மாதிரியாகவும் இருந்தால் நல்ல ஃபண்ட். ஒரு யூனிட் 10 ரூபாய் என்று புதிதாக வருவது மலிவு, 200 ரூபாய் யூனிட் விலை கூடியது என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். ஒரு கிலோ அரிசியைப் பத்துப் பொட்டலமாகக் கட்டினாலும் ஒரு கிலோதான்.

இ.டி.எஃப். என்று ஒன்றும் கண்ணில் படும். அதுவும் இதே பட்டியல்தான், ஆனால் டிமேட் கணக்கு (பங்குகளை மின்வடிவில் வைக்கும் கணக்கு) வைத்துச் சந்தையில் வாங்க வேண்டும். தோவாளைப் பூச்சந்தையில் விடியற்காலை ஒரு விலை, கொஞ்ச நேரம் கழித்து ஒரு விலை என்று நிற்பதுபோல நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். ஆள் குறைந்த இ.டி.எஃப்.பில் உள்ளே இருக்கிற சரக்கின் மதிப்பைவிடக் கூடுதல் கொடுத்து வாங்கிவிட நேரும். ஃபண்டில் நாள் முடிவில் எல்லாருக்கும் ஒரே விலை. தொடங்குகிறவருக்கு அதுவே நிம்மதி.

மாதத் தவணையும் தடைக்காலமும்

எஸ்.ஐ.பி. என்பது மாதாமாதம் வங்கியிலிருந்து தானே பணம் போகிற ஏற்பாடு, அவ்வளவே. தனி ஃபண்ட் கிடையாது. ஒரு தவணை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 2,000 ரூபாய் போகிறது. 0.005% முத்திரைத் தீர்வை, அதாவது 10 பைசா கழியும். அன்றைய என்.ஏ.வி. 160 ரூபாய் என்றால் 1,999.90-ஐ 160-ஆல் வகுத்து 12.499 யூனிட் கணக்கில் ஏறும். பணம் மாலை 3 மணிக்குள் ஃபண்டின் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்த நாள் விலை. நீங்கள் பொத்தானை அழுத்திய நேரம் கணக்கில்லை. சந்தை விழுந்த மாதம் அதே 2,000-க்கு அதிக யூனிட் வரும். பல ஃபண்டுகளில் 500 ரூபாயில், சிலவற்றில் 100 ரூபாயிலேயே தொடங்கலாம்.

வங்கிக்கு அனுமதி கொடுக்கும் படிவத்தில் உச்சவரம்பு கேட்கும். அதில் 10,000 என்று போட்டால் மாதம் 10,000 போய்விடாது. பின்னால் தவணையைக் கூட்ட இடம் விடுவதற்கான எல்லை அது. தேதியைச் சம்பளம் வந்த இரண்டு மூன்று நாளுக்குள் வையுங்கள். கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் ஃபண்ட் ஒன்றும் சொல்லாது, வங்கி அபராதம் பிடிக்கும். 1,000 ரூபாய்த் தவணைக்குச் சில நூறு அபராதம் கட்டினால் அந்த வருஷ லாபம் முழுவதும் அதிலேயே போகும். மாதத் தவணை தொடர்ந்து மூன்று முறை திரும்பினால் எஸ்.ஐ.பி. தானே ரத்தாகிவிடும்.

அதனால் வருமானம் ஒழுங்காக வராத வீடுகளில் எஸ்.ஐ.பி.யைச் சின்னதாக வைப்பதே புத்தி. தடைக்காலத்திலும் தாங்கக்கூடிய தொகை, 500 ஆனாலும் சரி, அதை ஓடவிடுங்கள். படகுக்கு நல்ல கோள் (மீன்பாடு) கிடைத்து வந்த மாதத்திலோ ஷீட்டுக்கு நல்ல விலை வந்தபோதோ அதே ஃபண்டில் மொத்தமாகக் கூடுதல் போட்டுக்கொள்ளலாம். அதற்குத் தனி அனுமதி வேண்டாம். பல ஃபண்டுகளில் எஸ்.ஐ.பி.யை ஒன்றிரண்டு மாதம் நிறுத்திவைக்கும் வசதி உண்டு. தவணைத் தேதிக்குப் பத்து பதினைந்து நாள் முன்பே கேட்டுவிட வேண்டும். தடைக்காலத் தேதி வருஷா வருஷம் தெரிந்ததுதானே.

சீட்டுப் போட்டுப் பழகியவருக்கு ஒரு எச்சரிக்கை. சீட்டில் தவணையை விட்டால் ஊரே கேட்கும். அந்த வெட்கமே பலரைச் சேமிக்கவைத்தது. எஸ்.ஐ.பி.யை நிறுத்தினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். சந்தை 20% விழுந்த மாதத்தில்தான் கை நிறுத்தும் பொத்தானைத் தேடும். அந்த மாதம்தான் யூனிட் மலிவு.

வளைகுடாவிலிருந்து போடுகிறவர்கள்

துபாய்க்கோ சவூதிக்கோ வேலைக்குப் போனதும், ஊரில் திறந்த சாதாரணச் சேமிப்புக் கணக்கையும் பழைய கே.ஒய்.சி.யையும் அப்படியே ஓட்டுகிறவர்கள் நம் மாவட்டத்தில் அதிகம். அது அந்நியச் செலாவணிச் சட்டப்படி தவறு. வங்கிக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக (வெளிநாட்டில் இருப்பவரின் உள்ளூர் வருமானத்துக்கான கணக்கு) மாற்ற வேண்டும், அல்லது என்.ஆர்.இ. (வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போடும் கணக்கு) திறக்க வேண்டும், கே.ஒய்.சி.யில் வெளிநாடு வாழ் இந்தியர் என்று நிலையைத் திருத்த வேண்டும். பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லும் எண்ணம் இருந்தால் என்.ஆர்.இ. வழியாகப் போடுவதே வசதி. பணத்தை எடுக்கும்போது லாபத்தில் வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். கூடுதலாகப் பிடித்திருந்தால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். ஊரோடு வந்து தங்கியதும் மறுபடி நிலையை மாற்றிக்கொள்ள மறக்கக் கூடாது.

கெட்டுப்போகும் வழிகள்

அதிகம் நடப்பது, ஒரே பொருளை ஐந்து பெயரில் வாங்குவது. மூன்று நிறுவனங்களின் நிஃப்டி 50, கூடவே ஒரு சென்செக்ஸ் ஃபண்ட் என்று வைத்திருப்பார்கள். சென்செக்ஸின் 30-ம் பெரும்பாலும் நிஃப்டிக்குள்ளேயே இருப்பவை. பரவலாக்கியதாக நினைப்பு, உள்ளதோ ஒன்று. ஒரு நிஃப்டி 50 ஃபண்ட் போதும். சில வருஷம் கழித்து, விழுவதைப் பார்த்துப் பழகிய பிறகு, அடுத்த 50 கம்பெனிகளின் நிஃப்டி நெக்ஸ்ட் 50-ல் சிறு பகுதி சேர்க்கலாம். அது இதைவிட வேகமாக ஏறும், வேகமாக விழும்.

"இண்டெக்ஸ்" என்று பெயர் வைத்துக்கொண்டு பாதுகாப்பு, மின்வாகனம், சுற்றுலா என்று ஒரே துறையில் போடும் புதுப்புது ஃபண்டுகள் வருகின்றன. துறை சூடாக இருக்கும்போதுதான் அவை வெளியே வரும். அதில் போடுவது மறுபடியும் எல்லாப் பணத்தையும் ரப்பரில் போடுவதுதான்.

பிறகு வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்கள். "தினம் 3% லாபம்" என்பார்கள், ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள், திரையில் லாபம் ஏறிக்கொண்டே போகும், எடுக்கப் போனால் வரி கட்டு என்று இன்னும் கேட்பார்கள். உண்மையான ஃபண்டுக்குப் போகிற பணம் தனி ஆளின் கணக்குக்கோ ஜிபே எண்ணுக்கோ ஒருபோதும் போகாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு பணத்தை முடக்க வாய்ப்பு. பதிவு பெற்ற ஃபண்ட் நிறுவனத்தின் மேல் குறை இருந்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் எழுதலாம்.

நாமினி பெயர் போடாமல் விடுவதும், போட்டதை வீட்டில் சொல்லாமல் விடுவதும் ஒரே பலனைத் தரும். நாமினியைப் பதிந்துவிட்டு, ஃபண்ட் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் நிறுவனங்களின் தளங்களில் பேன் எண்ணைக் கொடுத்து எல்லா ஃபண்டும் சேர்ந்த ஒரே அறிக்கையை வரவழைத்து, வருஷத்துக்கு ஒருமுறை அச்செடுத்து நகைப்பெட்டியில் வையுங்கள்.

எடுக்கும் நேரம்

பணம் தேவைப்படும் வருஷத்தில் எடுக்கத் தொடங்குவது தாமதம். கடைசி மூன்று வருஷத்தில் மூன்றில் ஒரு பங்காக எடுத்து வங்கி வைப்புக்கு மாற்றிவந்தால், கல்யாண மாதத்தில் சந்தை விழுந்தாலும் பந்தல் வேலை நின்றுபோகாது. இப்படிப் பிரித்து எடுப்பதில் வரிச் சலுகையும் இருக்கிறது. 2024 ஜூலை 23 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த யூனிட்டின் லாபத்தில் நிதியாண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5%. ஒரு வருஷத்துக்குள் எடுத்தால் லாபத்தில் 20%. லாபம் 2 லட்சம் என்றால் வரிக்கு உரியது 75,000, வரி 9,375, அதன் மேல் 4% செஸ் சேர்த்து 9,750 ரூபாய். அதே 2 லட்சம் லாபத்தை மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று எடுத்தால், வேறு பங்கு லாபம் இல்லாதவருக்கு வரியே வராது. எஸ்.ஐ.பி.யில் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக ஒரு வருஷம் எண்ண வேண்டும். முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாகக் கணக்கு.

விற்கச் சொன்ன நாளிலிருந்து இரண்டு வேலை நாளில், பதிந்துவைத்த வங்கிக் கணக்குக்குப் பணம் வரும். அந்தக் கணக்கு செயலில் இருக்கிறதா, கிளை இணைப்பில் ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறியிருக்கிறதா என்று விற்பதற்கு ஒரு மாதம் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.